நார்மல் ஆன பிறகு

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது பாய்லர் அறையில்.

கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு பஞ்சாலை. முப்பதுகளின் தொடக்கம். பைக்காரா கரண்டு எங்கள் ஆலைக்கு அப்போது வந்திருக்கவில்லை. எல்லாம் நீராவியில்தான் ஓடியது. எனக்கு வயது இருபத்துநாலு. மூன்றாம் வகுப்போடு நின்றவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எண் தெரியும். எண் தெரியும் என்பதால் பாய்லரில் போட்டார்கள்.

நெருப்புப் போடுகிறவர்கள் இரண்டு பேர். நான் முள் பார்க்கிறவன். பாய்லரின் நெற்றியில் வட்டமாக ஒரு கண்ணாடி. உள்ளே ஒரு முள். ஒரு சிவப்புக் கோடு. முள் கோட்டைத் தொடக்கூடாது. ரொம்பக் கீழே இறங்கவும் கூடாது. நடுவில் இரண்டு விரற்கடை இடம். அதற்குள் அது நிற்க வேண்டும். நிற்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அரை மணிக்கு ஒருதரம் இஞ்சினீயர் வருவார். போத்தனூர் ரயில்வேயில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆங்கிலோ இந்தியர்; சட்டைக்காரர் என்போம். நன்றாகத் தமிழ் பேசுவார் என்று சொல்வார்கள். எங்களிடம் பேசியது ஒரே சொல்.

"நார்மல்?"

"நார்மலுங்க தொரை."

போய்விடுவார்.

என்ன அர்த்தம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. முள் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. கை வைக்காதே. சும்மா இரு. அவ்வளவுதான்.

நெருப்புப் போடுகிறவர்களில் ஒருவர் வயதானவர். வாய் ஓயாது. எனக்குக் கல்யாணமான புதிதில் தினமும் கேட்பார்.

"ஏனப்பா, ஊட்டுல அம்மணி நார்மலா? இல்ல செவப்புக் கோட்டுக்கு ஏறிப்போச்சா?"

"மொதல்ல உங்கூட்டுப் பாய்லரைப் பாருங்க."

"எங்கூட்டுது வெடிச்சுப் பத்து வருசமாச்சு. நானு வெளிய திண்டுல படுத்துக்கறேன்."

இப்படித்தான் அந்தச் சொல் ஆலையைவிட்டு வெளியே வந்தது. ஆலைக்காரர்களுக்கென்று கட்டிய லைன் வீடுகளில் நாங்கள் இருந்தோம். வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஒரு தண்ணீர்க் குழாய். குழாயடியில் பெண்கள்கூடப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். தண்ணீர் ஒழுங்காக வந்தால் நார்மல். மாமியார் வாயை மூடிக்கொண்டிருந்தால் நார்மல். என் மனைவி குழம்பை ஒரு சொட்டு என் உள்ளங்கையில் விட்டுக் கேட்பாள்.

"ஏனுங்க, உப்பு நார்மலுங்களா?"

கொஞ்சம் கூட இருந்தாலும் நார்மல் என்பேன். வேறென்ன சொல்வது.

அவளுக்குச் சென்னிமலைப் பக்கம். அப்பா இல்லை. அம்மா மட்டும். கொஞ்சம் சோளக்காடு, இரண்டு எருமை. ஒரே பெண். கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அந்த அம்மா அழவில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்தாள். ஒரு வாரம் ஆகியும் விடவில்லை. காலையில் கொஞ்சம் இறங்கும். சாயங்காலம் ஏறும். நாக்கு வெள்ளையாகிவிட்டது. ஆலை டாக்டர் வந்து பார்த்தார். டைபாய்டு என்றார். குடல் காய்ச்சல்.

"மருந்து இருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இதுக்குன்னு மருந்து கிடையாதுப்பா. மூணு வாரம், நாலு வாரம் அதுபாட்டுக்கு ஓடி, அதுவா இறங்கணும். உடம்பைத் துடைச்சுவிடு. தண்ணி ஆகாரம் மட்டும் குடு. கட்டியா ஒண்ணும் உள்ளே போகக்கூடாது. குடல் பூராப் புண்ணா இருக்கும். ஈரக் காகிதம் மாதிரி."

பிறகு பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குச்சியை எடுத்தார்.

"நீ பாய்லர்ல முள்ளு பாக்கறவன்தானே. இதையும் பாரு. காலையில ஒருதரம், சாயங்காலம் ஒருதரம். காகிதத்துல எழுதி வை."

தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். உதறி, நாக்குக்கடியில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பாதரசம் ஒரு நூல் மாதிரித் தெரியும். தொண்ணூற்றெட்டைத் தாண்டி ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது.

"இதுதான் நார்மல்" என்றார்.

"தெரியுமுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார்.

இருபத்தைந்து நாள் எழுதினேன். நூற்றிரண்டு, நூற்றிமூன்று, நூற்றிமூன்றரை. பாய்லரில் முள் ஏறினால் நெருப்பை இழுக்கலாம், ஆவியைத் திறந்துவிடலாம், ஏதாவது செய்யலாம். இங்கே எழுதத்தான் முடிந்தது. பார்லித் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். மோர்த் தெளிவு கொடுத்தேன். துடைத்துவிட்டேன். ஷிப்டுக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார்.

மூன்றாம் வாரம் அவள் பிதற்றினாள். எருமையைக் கூப்பிட்டாள். அது தெளிந்த பிறகு பசி வந்தது. அந்தப் பசி எனக்குக் காய்ச்சலைவிடப் பயமாக இருந்தது. லைன் வீட்டில் யார் என்ன சமைக்கிறார்கள் என்று படுத்துக்கொண்டே சொல்வாள்.

"ஏனுங்க, மூணாவது ஊட்டுல கத்திரிக்கா வதக்கறாங்க."

"உம்."

"கடசி ஊட்டுல கொள்ளுப்பருப்புங்க."

"கண்ணை மூடிப் படு."

"கண்ணை மூடுனாத்தானுங்க நல்லா வாசம் வருது."

சிரித்தாள். கன்னத்தில் எலும்பு தெரிந்தது.

இருபத்தாறாம் நாள் காலை பாதரசம் அம்புக்குறியில் நின்றது. நம்பாமல் உதறிவிட்டு மறுபடி வைத்தேன். அங்கேயே நின்றது. சாயங்காலமும் அங்கேயே. ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் உடனே சிரிக்கவில்லை. வந்து பார்த்தார். நாடி பிடித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

"நார்மல். ஆனா நார்மல்னா குணமாச்சுன்னு இல்லப்பா. சூடு இறங்கியிருக்கு. குடல் புண்ணு ஆறலை. இன்னும் பத்து நாள் இப்படியே நார்மலா இருக்கணும். அதுக்கப்புறம்தான் கஞ்சி. சோறு அதுக்கும் பின்னால."

"செரிங்க."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அன்று மாமியாருக்கு ஒரு கார்டு எழுதினேன். பெண்ணைக் கொடுத்த வீட்டுக்குக் கார்டு எழுதினால் இவ்விடம் அனைவரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். நலமில்லாத போதும் அப்படித்தான். கெட்ட சேதியைக் கார்டில் எழுத மாட்டோம். தபால்காரரிலிருந்து எல்லாரும் படித்துவிட்டுத்தான் அது வீட்டுக்குப் போகும். அதனால் இந்த இருபத்தாறு நாளில் இரண்டு கார்டுதான் போட்டிருந்தேன். சற்றுக் காய்ச்சல், பயமில்லை என்று. அந்த அம்மாவுக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. எருமையையும் காட்டையும் விட்டுவிட்டு வர ஆள் இல்லை. நானும் வரச் சொல்லவில்லை.

இந்த முறை சந்தோஷமாக எழுதினேன். இவ்விடம் அனைவரும் நலம். காய்ச்சல் நார்மல் ஆகிவிட்டது. கவலை வேண்டாம். அவ்வளவுதான். பத்து நாள் பத்தியம் என்பதை எழுதவில்லை. கார்டில் இடம் இருந்தது. அதை எழுதினால் நல்ல சேதி கெட்டுப்போகும் என்று தோன்றியது.

அவர்கள் ஊர் வாத்தியார் சரியாகத்தான் படித்துச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் இறங்கி உடம்பு எப்பவும்போல் இருக்கிறதாம் என்று. மாமியார் மறுநாளே மலை ஏறி முருகனைக் கும்பிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு, எருமைகளைப் பங்காளி வீட்டில் கட்டிவிட்டு, ஈங்கூரில் ரயில் ஏறி வந்துவிட்டார். வியாழக்கிழமை சாயங்காலம். தலையில் ஒரு மூட்டை.

"நல்லா இருக்கறீங்களா மாப்ள? எளச்சுப் போயிட்டீங்க."

"நல்லா இருக்கறனுங்க. வாங்க அத்தை."

உள்ளே போய்ப் பெண்ணைப் பார்த்தார். கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து திருநீறு பூசிவிட்டார்.

"கண்ணு, உன்ற மொகம் என்னாயிருச்சு."

"நார்மல் ஆயிப்போச்சும்மா" என்றாள் அவள்.

மூட்டையில் நெல்லரிசி, துவரம்பருப்பு, ஒரு சொம்பு நெய். எங்கள் பக்கத்தில் அன்றாடம் கம்பும் சோளமும்தான். நெல்லரிசி விசேஷத்துக்கு. நோய் விட்ட பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை தலைக்குத் தண்ணீர் வார்த்து, பிறந்த வீட்டு அரிசியில் ஆக்கின சோற்றை அம்மா கையால் முதல் வாய் ஊட்டுவது வழக்கம். அது ஆனால்தான் நோய் வீட்டைவிட்டுப் போனதாகக் கணக்கு. மூட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

வாசலுக்கு வந்தபோது சொன்னேன்.

"அத்தை, டாக்டரு இன்னும் பத்து நாளைக்குச் சோறு ஆகாதுன்னு சொல்லியிருக்கறாருங்க. கொடல்ல புண்ணு இருக்குமாமுங்க."

"ஆமாங்க மாப்ள. செரிங்க. டாக்டரு சொன்னா அப்படித்தானுங்க இருக்கோணும்."

அவர் என்னை மறுத்துப் பேசியதே இல்லை. மாப்பிள்ளையை மறுத்துப் பேசுகிற வழக்கம் இல்லை. மாப்பிள்ளைக்கும் ஒன்று உண்டு. மாமியாரிடம் ஒருமுறை சொல்லலாம். அதையே இரண்டாம் முறை சொன்னால் சண்டைக்கு வந்ததாக ஆகும். ஊரிலிருந்து மூட்டை சுமந்து வந்த மனுஷியிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செரிங்க என்று சொன்னாரே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேனே தவிர நம்பவில்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்டு. காலையில் வீட்டில் இருந்தேன். இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பின்னால் எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

வேப்பிலை போட்டு வெந்நீர் காய்ச்சினார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு கை பிடித்தார். அவளை உட்காரவைத்துத் தலைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். தலை துவட்டி, வெளுத்த சேலை கட்டி, பாயில் சாய்த்து உட்காரவைத்தார்கள். இருபத்தொன்பது நாளுக்குப் பிறகு அவள் உட்கார்ந்திருந்தாள். அதுவரைக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. குளித்தால் குடலுக்கு ஒன்றும் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுப்பில் அரிசிம்பருப்புச் சோறு கொதிக்கிற வாசம் வந்துகொண்டிருந்தது.

மாமியார் ஒரு கும்பாவில் சோறு போட்டு, நெய் ஊற்றி, கையால் நன்றாக மசித்தார். குழந்தைக்கு மசிக்கிற மாதிரி.

"அத்தை" என்றேன்.

"ரெண்டே வாயிங்க மாப்ள. பொறந்த ஊட்டுச் சோறு. நல்லாக் கொழைய ஆக்கியிருக்கறனுங்க. கஞ்சியாட்டத்தானுங்க இருக்குது."

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "நார்மல் ஆயிப்போச்சல்ல தம்பி. அப்பறம் என்ன? எத்தனை நாளைக்குத்தான் அந்தப் பார்லித் தண்ணி? மாட்டுக்குக்கூட அதுல கொஞ்சம் தவுடு போடுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவள் கும்பாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ரெண்டு வாய் உண்டுக்கட்டுங்களா?"

பத்து நாள் என்று டாக்டர் சொன்னது அவளுக்கும் தெரியும். அவளிடமும்தான் சொன்னார். அவள் என்னைக் கேட்டாள். மாமியாரின் கை சோற்றோடு நடுவில் நின்றது. அக்கா கதவோரம் நின்றார். வேண்டாம் என்று ஒரு சொல். எழுத்தே தெரியாதவனும் சொல்லிவிடலாம்.

"உம்" என்றேன்.

இரண்டு வாய் என்றது கும்பா முழுக்க ஆயிற்று. யாரும் நிறுத்தவில்லை. நெய் வழிந்த வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"உப்பு நார்மலுங்க."

நான் ஷிப்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை நார்மல். சாயங்காலம் நார்மல். காகிதத்தில் எழுதினேன். மாமியார் காலையிலும் கொஞ்சம் ஊட்டினார். இப்போது என்னைக் கேட்கவில்லை. நானும் நின்று பார்க்கவில்லை. ஒன்றும் ஆகவில்லையே, டாக்டர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது இன்றும் ஞாபகம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் திடீரென்று அம்மா என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் சத்தம் போடவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு முழங்காலை மடக்கிப் படுத்தாள். நெற்றியில் வேர்த்தது. தொட்டால் சில்லென்றிருந்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். பாதரசத்தைத் தேடினேன். அம்புக்குறியில் இல்லை. அதற்கும் கீழே, தொண்ணூற்றாறில் இருந்தது.

எழுதப் பென்சிலை எடுத்தேன். எழுதவில்லை. கீழே போனால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"சூடு நல்லா எறங்கியிருக்குதுங்களா மாப்ள?" என்று கேட்டார் மாமியார்.

"எறங்கியிருக்குதுங்க."

தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். நான் டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கை கழுவிவிட்டு வந்தார். நாடி பார்த்தார். வயிற்றில் கை வைத்தார். வைத்த கையை அமுக்கவில்லை. அப்படியே எடுத்துவிட்டார்.

"பலகை மாதிரி இருக்கு" என்றார். தனக்குத்தானே சொல்கிற மாதிரி. பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்.

"என்ன குடுத்தீங்க?"

மாமியார் கையில் தவிட்டு மூட்டை இருந்தது.

"சோறுங்க" என்றேன்.

"யார் குடுத்தது?"

"நானுங்க."

டாக்டர் கத்துகிற மனிதர் அல்ல. அன்றும் கத்தவில்லை. "உன்னை நம்பித்தானே இதைக் குடுத்தேன்" என்று தெர்மாமீட்டரை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அக்கா கதவோரத்திலிருந்து நகர்ந்து போய்விட்டார். மாமியார் தலையைத் தூக்கவில்லை. வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவர் சொல்லிவிடுவார் என்று பட்டது.

ஜட்கா பிடித்து டவுனுக்குக் கொண்டுபோனோம். வழி முழுக்க வண்டி குலுங்கும்போதெல்லாம் என் கையை இறுக்கினாள். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யும் டாக்டர் பார்த்தார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்றார். கத்தி வைத்தால் மேசையிலேயே உயிர் போய்விடும், உடம்பில் ஒன்றும் இல்லை என்றார். வைக்காவிட்டால் என்று கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஒரு ஊசி போட்டார்கள். வலி குறைந்தது.

"ஏனுங்க" என்றாள் ஒருதரம்.

"என்ன?"

"அம்மாவை ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க."

"செரி."

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு முடிந்துவிட்டது. 

அதற்கப்புறம் ஒரு வருஷம் கழித்து லைனில் வேறொருவருக்கு அதே காய்ச்சல் வந்தது. அவர் ஒரு பருக்கை சோறு தின்னவில்லை. அவருக்கும் வயிறு பலகையாகிப் போய்ச் சேர்ந்தார். நான் டாக்டரிடம் போய்க் கேட்டேன். சில பேருக்குச் சோறு இல்லாமலும் கிழியும் என்றார். "உன் சம்சாரத்துக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாதுப்பா" என்றார். என் மனசுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னாரா, உண்மையா, தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

இப்போது எல்லாரும் அந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ரத்தக் கொதிப்பு நார்மல். சர்க்கரை நார்மல். பிரசவம் நார்மல். மழை நார்மல். நல்ல சொல்தான். டாக்டர் என்னிடம் வந்து எல்லாம் நார்மல் என்று சொல்லும்போது, எத்தனை நாளைக்குங்க என்று கேட்கிறேன். இளம் டாக்டர்கள் சிரிப்பார்கள். பெரியவர் தமாஷ் பேசுகிறார் என்று.

அப்போது, அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை மாமியார் எங்கள் வீட்டில் இருந்தார். பதினேழாம் நாள் ரயிலேற்றப் போனேன். அவருடைய மூட்டை வந்தபோது இருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் நின்றோம். அத்தனை நாளும் அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ரயிலுக்குக் கைகாட்டி இறங்கின பிறகு அவர் பேசினார். என்னைப் பார்க்காமல், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு.

"டாக்டரு கேட்டப்ப நீங்க உங்க பேரைச் சொன்னீங்க மாப்ள."

"அத விடுங்க அத்தை."

"நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டனுங்க."

முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். குற்றம் சொல்கிற குரல் இல்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

"அன்னைக்கு வேண்டாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானு அந்தச் சோத்தைக் கையில தொட்டிருக்க மாட்டனுங்க மாப்ள."

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் வைத்துச் சொன்னேன் என்று சொல்லலாம். சொல்லவில்லை. அவருக்கு அது ஞாபகம் இல்லையா, இருந்தும் சொல்கிறாரா, நான் கேட்கவில்லை. அவர் சொல்வதும் சரிதான். வெள்ளிக்கிழமை நான் சொல்லவில்லை.

"ஆமாங்க அத்தை" என்றேன்.

வண்டி வந்தது. மூட்டையை ஏற்றிக் கொடுத்தேன். ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது அவருக்கு.